கடற்கரை ஊரில் முதல் ஓவியக் காட்சி: படம் தேர்வதிலிருந்து ஆணி கழற்றுவது வரை

கீழக்கரையில் பழைய வீடொன்றின் முன்கூடத்தில் நண்பர்களோடு சேர்ந்து சிறிய கலைக்கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். நான்கு சுவர், ஒரு முற்றம். இருபது படம் மாட்டினால் நிறைந்துவிடும். முதல் முறையாகக் காட்சி வைக்க வருகிற தம்பி, தங்கச்சிகள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கொண்டுவருகிறார்கள். எத்தனை படம் வேண்டும், என்ன விலை போடுவது, கண்ணாடி தேவையா, கமிஷன் எவ்வளவு? ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, சாயல்குடி என்று இந்தக் கரையில் எங்கிருந்து வருகிறவருக்கும் பொருந்தும். உப்புக்காற்று எல்லோருக்கும் ஒன்றுதானே.

முதலில் ஒரு நாள் அரண்மனைக்கு

ராமநாதபுரத்தில், இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசம் இருக்கிறது. பக்கத்துத் தெருவிலேயே வளர்ந்தும் உள்ளே போகாதவர்கள் நிறையப் பேர். காட்சிக்குத் தயாராகும் முன் அரை நாள் ஒதுக்கி அங்கே போய் நில்லுங்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டிய சுவரோவியங்கள் அவை. சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திப்பது, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ராமாயணம், பாகவதம் என்று சுவர் முழுக்க ஓடுகின்றன. இந்தப் பக்கத்து மக்களுக்கு ஓவியம் பார்க்கும் பழக்கமில்லை என்று யாராவது சொன்னால் நான் அந்தச் சுவர்களைத்தான் காட்டுவேன். நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரே சுவரில் பல காட்சிகளை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள், நம் கண் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம், எந்த இடத்தில் வண்ணம் மங்கியிருக்கிறது, எங்கே உரிந்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் படம் மாட்டும் நாளில் இந்த இரண்டும் உங்களுக்கு உதவும்.

பத்துப் படம் போதும்

வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பது படங்களோடு வருகிறார்கள். கல்லூரியில் வரைந்த உருவப்படம், போட்டியில் பரிசு வாங்கிய இயற்கைக் காட்சி, நேற்று முடித்த அரூப ஓவியம், எல்லாம் கலந்திருக்கும். சின்ன இடத்தில் இவை ஒன்றையொன்று அடித்துவிடும். பத்து முதல் பதினைந்து படங்கள், ஒரே விஷயத்தை விடாமல் தொடர்ந்து பார்த்தவை, போதும். எதை எடுப்பது என்று தெரியவில்லையா? எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்து இரண்டு நாள் வீட்டில் நடமாடுங்கள். எந்தப் படங்கள் தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் போய் உட்கார்கின்றன என்று தெரிந்துவிடும்.

பாம்பன் பாலமும் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயமும் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும். வரையக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1914இல் திறந்த பாலத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று தலைமுறை வளர்ந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலமும் திறந்தாயிற்று. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதை நம் வீடுகளில் இன்னும் பேச்சில் இருக்கிறது. ஆனால் சுற்றுலா வந்தவர் கைப்பேசியில் எடுக்கும் அதே கோணத்தில் நீங்களும் வரைந்தால், இங்கே பிறந்த உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று அந்தப் படத்துக்குள் வராமலே போய்விடும்.

ஒரு தங்கச்சி வந்தாள். அவளுடைய அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். பாறை கீறாமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள் இல்லையா, அந்தக் கைகளை மட்டும் கரியால் பதினான்கு தாள்களில் வரைந்திருந்தாள். கூடவே கொண்டுவந்த வண்ணக் கடல் ஓவியங்களையெல்லாம் எடுத்துவைத்துவிட்டு அந்தப் பதினான்கை மட்டும் மாட்டினோம். சுவர் பாதி காலியாகத்தான் இருந்தது. அந்தக் காலி இடம்தான் வந்தவர்களை ஒவ்வொரு கையின் முன்னாலும் நிற்க வைத்தது.

கரையில் கிடைப்பதெல்லாம் பொருளாகாது

கடற்கரையில் பொறுக்கியதை வைத்து நிறுவல் கலை, அதாவது பொருள்களையே அடுக்கி அமைத்துக் காட்டும் கலை, செய்ய ஆசைப்படுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சில சங்கு, சிப்பி வகைகளும் அப்படியே. செத்து ஒதுங்கிய பவளத் துண்டானாலும் எடுத்துவைத்துக் காட்சிப்படுத்துவது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் அங்கே போகவும் கூடாது. ஒரு காட்சியைத் திறப்புக்கு முதல் நாள் கலைத்துப் போட வேண்டிவந்தது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை விவரம் தெரியாமல் செய்ததுதான்.

கிழிந்த வலை, மிதவை, உடைந்த வள்ளத்தின் பலகை ஆகியவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், உடைமைக்காரரிடம் கேட்டுவிட்டு. வலையை நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறையாவது அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்பு இருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் கீழே தரை நனைந்திருக்கும், வாடையும் போகாது. பலகையிலுள்ள பழைய ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். துரு சுவரில் இறங்கினால் வெள்ளை அடித்தாலும் மேலே வந்து நிற்கும்.

கரியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவது பெரிய தொழில். மூட்டத்தில் சுள்ளிக் கரி கிடைத்தால் வாங்கி வரைந்து பாருங்கள். கடையில் வாங்கும் கரிக்குச்சியைவிடக் கடினமாக, சில இடத்தில் தாளைக் கீறும்படி இருக்கும். அந்தக் கீறலே சில படங்களுக்கு அழகாக அமைகிறது. வரைந்து முடித்ததும் ஓவியத்துக்கென்றே விற்கும் பிக்சேட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் திரவம்) தெளியுங்கள். காசு மிச்சமென்று தலைமுடி ஸ்பிரே அடிக்காதீர்கள், தாள் பழுத்துவிடும்.

கலைக்கூடத்தை அணுகுவது

கேட்பதற்கு முன் அந்த இடத்தில் வேறு ஒருவரின் காட்சியை இரண்டு முறையாவது போய்ப் பாருங்கள். சுவர் எப்படி, வெளிச்சம் எப்படி, வருகிறவர்களை எப்படி உட்கார வைக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிறகு பத்துப் படங்களின் புகைப்படம், ஒவ்வொன்றின் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு, உங்களைப் பற்றி ஐந்து வரி, இந்தப் படங்களைப் பற்றி நூற்றைம்பது சொல். அவ்வளவுதான் தேவை. படத்தை வீட்டுத் திண்ணையில் நிழலில் நிறுத்தி, கைப்பேசியைப் படத்தின் நடுமையத்துக்கு நேராகப் பிடித்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம்.

அந்த நூற்றைம்பது சொல்லைத் தமிழிலேயே முதலில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று நினைத்து, தங்களுக்கே புரியாத சொற்களை அடுக்கிக் கொண்டுவருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் எங்கே நிறுத்தி “அப்படின்னா என்னடா?” என்று கேட்கிறாரோ அந்த வரியை மாற்றுங்கள்.

தேதி

தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும் வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தாளில் வரைந்தவை நெளிந்து பூஞ்சை பிடிக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும், கதவைத் திறந்து வைக்க முடியாது. கடல் தொழில் செய்கிறவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தையும் யோசிக்கலாம். விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள். கையில் காசு குறைவான காலம்தான், அதனால் விற்பனையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பேச்சு நிறையக் கிடைக்கும்.

எழுதி வாங்குங்கள்

இந்தப் பகுதியை வேகமாகப் படித்துப் போய்விடாதீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவது இதைத்தான். பல வருடங்களுக்கு முன் வேறொரு நகரத்தில் என் ஆறு படங்களைக் கொடுத்தேன். கையெழுத்து எதுவுமில்லை. நான்குதான் திரும்பி வந்தன, அதிலும் ஒன்றில் மூலை நசுங்கியிருந்தது. “ஆறு கொடுத்ததற்கு என்ன ஆதாரம் தம்பி?” என்று கேட்டார்கள். என்னிடம் பதிலில்லை. அதனால்தான் எங்கள் கூடத்தில் காகிதம் எழுதாமல் ஒரு படத்தையும் உள்ளே வாங்குவதில்லை.

ஒப்பந்தக் காகிதத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒவ்வொரு படத்தின் பெயர், அளவு, விலை, கொடுக்கும்போது இருந்த நிலை, இவற்றோடு சின்னப் புகைப்படம். காட்சி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வண்டிச் செலவு போகும்போது யாருடையது, திரும்பும்போது யாருடையது, படத்துக்குச் சட்டம் (பிரேம்) போடும் செலவு யாருடையது, மழைநீர் இறங்கியோ கீழே விழுந்தோ கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதை முப்பது நாள் என்று எண்ணாகவே எழுதுங்கள். வாங்குகிறவர் விலை குறைக்கச் சொன்னால், குறையும் தொகையை இருவரும் பாதிப் பாதி ஏற்பதா, கலைக்கூடமே ஏற்பதா என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

கலைக்கூடம் எடுத்துக்கொள்ளும் கமிஷன் பொதுவாக விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கும். பாதி என்றதும் கோபம் வருகிறது, எனக்கும் வந்தது. அந்தப் பாதிக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். இடம், வெளிச்சம், அழைப்பு, வாங்குகிறவர்களைத் தேடிப் பிடிப்பது, படத்தைப் பத்திரமாக அனுப்புவது எல்லாம் செய்தால் அது நியாயம். சுவரை மட்டும் கொடுத்தால் நியாயமில்லை. உங்களிடமே முன்பணம் கேட்டு, கமிஷனும் கேட்டால் விலகிவிடுங்கள்.

படத்தை விற்றால் படம்தான் போகிறது, பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது. அதை நாட்காட்டியில் அச்சிட வேண்டுமென்றால் வாங்கியவரும் உங்களிடம் கேட்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. காசு கொடுத்து ஒருவர் உங்களை வரையச் சொன்ன ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை வரையச் சொன்னவருக்குப் போகிறது. எனவே அப்படிப்பட்ட வேலைக்கு முன்னால் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை

தொடக்கத்தில் சதுர அங்குலக் கணக்கு உதவும். அங்குலத்துக்கு 20 ரூபாய் என்று வைத்தால் 24க்கு 18 படம் 432 சதுர அங்குலம், 8,640 ரூபாய். அதோடு சட்டச் செலவைச் சேருங்கள். பிறகு தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள். 12,000 ரூபாய்க்கு விற்று 40 விழுக்காடு கமிஷன் போனால் உங்களுக்கு 7,200. சட்டத்துக்கு 1,800 போட்டிருந்தால் மிச்சம் 5,400. இது உங்கள் உழைப்புக்குக் கட்டுமா? கட்டாது என்றால் இப்போதே மாற்றுங்கள். வீட்டில் ஒரு விலை, கலைக்கூடத்தில் ஒரு விலை என்று மட்டும் வைக்காதீர்கள். சொந்தக்காரர்கள் பாதி விலைக்குக் கேட்பார்கள். கொடுக்க மனமிருந்தால் பரிசாகக் கொடுங்கள், பாதி விலைக்குக் கொடுக்காதீர்கள். புகைப்படக்காரர்கள் ஒரு படத்துக்கு ஐந்து அல்லது பத்துப் பிரதி என்று உறுதி செய்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போடுங்கள். அந்த எண்ணைத் தாண்டி அச்சடிக்கவே கூடாது.

உப்புக்காற்றுக்குச் சட்டம் போடுவது

ஊரில் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைக்காரர்களே நன்றாகச் செய்துகொடுப்பார்கள். பக்கத்தில் நின்று சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். கண்ணாடி தாளில் ஒட்டக் கூடாது. நடுவே மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றிவரும் தடித்த அட்டை) வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால் ஈரம் பிடித்துத் தாள் கண்ணாடியோடு போய்விடும், கரி ஓவியம் முழுதாகவே கெடும். படத்தைப் பசை போட்டு அட்டையில் அப்பாமல், மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் அமிலமில்லாத ஒட்டுத்தாளால் தொங்கவிடச் சொல்லுங்கள். பின்னால் ஹார்ட்போர்டு போட்டால் மழைக்காலத்தில் உப்பிவிடும். அதற்குப் பதில் சன்பேக் ஷீட் என்கிற பிளாஸ்டிக் அட்டை போடலாம். ஆணி, திருகு, வளையம் எல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) அல்லது பித்தளை. சாதாரண இரும்பு இங்கே சீக்கிரமே துருப்பிடித்துவிடும். பின்பக்கம் நான்கு மூலையிலும் ரப்பர் பொட்டு ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று போகும்.

கேன்வாஸ் என்றால் கண்ணாடி வேண்டாம். எண்ணெய் வண்ணம் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே காயப் பல மாதம் ஆகும். கனமாகப் பூசியிருந்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் விட்டுவிட்டு வார்னிஷ் அடியுங்கள். காட்சிக்கு முந்தின வாரம் முடித்த எண்ணெய் ஓவியத்தை, கை பட்டால் போய்விடும் என்று சொல்லித்தான் நாங்கள் வாங்குகிறோம்.

கொண்டுபோவது

அக்ரிலிக் வண்ணம் வெயிலில் இளகும். அதன்மேல் நேரடியாகப் பிளாஸ்டிக் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும். முதலில் பட்டர் பேப்பர், பிறகு குமிழ் உறை. குமிழ்கள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்பக்கம் இருந்தால் வட்ட வட்டமாக வண்ணத்தில் பதியும். மூலைகளுக்கு அட்டை மடித்து வையுங்கள். கேன்வாஸைச் சுருட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வண்ணம் வெளியே தெரியும்படி அகலமான குழாயில் சுருட்டுங்கள். கண்ணாடி போட்ட படங்களைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, முகத்துக்கு முகம் பார்க்கும்படி அடுக்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வராமல், யாராவது சொந்தக்காரரின் சின்ன வண்டியைக் கேளுங்கள்.

மாட்டுவது

பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் பொலபொலவென்று உதிரும். எங்கள் கூடத்தில் மேலே ஒரு கம்பி ஓடுகிறது, அதிலிருந்து தங்கூசி நரம்பில் (மீன்பிடிக்கும் நைலான் இழை) படங்களைத் தொங்கவிடுகிறோம். வலை கட்டத் தெரிந்தவர் வீட்டிலிருந்தால் முடிச்சை அவரிடம் கேளுங்கள், நழுவவே நழுவாது. இரண்டு இழை போடுங்கள். முதல் நாள் நரம்பு கொஞ்சம் இழுபடும். மறுநாள் மட்டம் பார்த்துத் திருத்த வேண்டும்.

ஆணி அடிக்கிற சுவர் என்றால் கணக்கு இது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் வர வேண்டும். 30 அங்குல உயரப் படம், பின்னாலுள்ள கம்பியை இழுத்தால் மேல் விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே நிற்கிறது என்று வையுங்கள். 57ஓடு பாதி உயரம் 15ஐக் கூட்டி, 3ஐக் கழித்தால் 69. அந்த உயரத்தில் ஆணி. கடலைப் பார்த்த சுவரிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும் தாள் ஓவியங்கள் வேண்டாம். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் அது கேன்வாஸுக்கு மட்டும். விளக்கு மேலிருந்து சாய்வாக விழட்டும். நேராக அடித்தால் கண்ணாடியில் பார்ப்பவர் முகம்தான் தெரியும்.

பெயர்ச்சீட்டில் உங்கள் பெயர், படத்தின் பெயர், ஆண்டு, ஊடகம், உயரம், அகலம். உயரத்தை முதலில் எழுதுவது வழக்கம். தமிழ் எழுத்து பெரிதாக இருக்கட்டும், வயதானவர்கள் குனிந்து படிக்கக் கூடாது.

திறப்பும் அதற்குப் பிறகும்

அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நண்பர்கள் வருவார்கள். மற்றவர்கள் வர வேண்டுமென்றால் நடக்க வேண்டும். வலைக்கூடத்துக்கு, ஜமாஅத்துக்கு, தேவாலயத்துக்கு, பள்ளி ஓவிய ஆசிரியரிடம், டீக்கடைக்கு. கீழக்கரையில் மஃரிபுக்கு (அந்தித் தொழுகை) பிறகு திறந்தால் கூட்டம் வரும். பாம்பன் பக்கமென்றால் விசைப்படகு போகும் நாளும் நாட்டுப்படகு போகும் நாளும் வேறு வேறு. கேட்டுவிட்டு நாள் வையுங்கள். டீயும் சுண்டலும் போதும்.

காட்சி நடக்கும் நாட்களில் நீங்கள் அங்கேயே இருங்கள். “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்பார்கள். அர்த்தம் சொல்லத் திணறாமல், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். எந்தக் கரி, எத்தனை நாள், எங்கே உட்கார்ந்து வரைந்தது என்று சொன்னால் அவர்களே மீதியைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு தம்பியின் பாய்மர ஓவியத்தின் முன்னால் பெரியவர் ஒருவர் வெகுநேரம் நின்றார். “வாடைக் காத்துக்கு இந்தப் பாய் இப்படி நிக்காதுப்பா” என்றார். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. “எப்படித் தாத்தா நிக்கும்?” என்று நான்தான் கேட்டேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையால் விரித்துப் பிடித்துக் காட்டினார். அடுத்த வருடக் காட்சியில் அந்தத் துண்டு விரித்த கைகளே படமாக வந்தன.

வருகிறவர் பெயர், ஊர், விருப்பமிருந்தால் கைப்பேசி எண் எழுத ஒரு நோட்டு வையுங்கள். காட்சியைப் புகைப்படம் எடுத்துவையுங்கள், சுவரோடும் பார்ப்பவர்களோடும் சேர்த்து. மாவட்டக் கலை மன்ற விருதுகளுக்கோ, சென்னையில் லலித் கலா அகாதமி மண்டல மையத்தின் காட்சிகளுக்கோ, தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவுக்கோ விண்ணப்பிக்கும்போது இவை துணையாக நிற்கும். படிக்கிற பிள்ளைகள் கொச்சி பினாலே என்கிற பெரிய கலைக்காட்சியில் மாணவர்களுக்கென்று தனியாக நடக்கும் காட்சியையும் கவனித்து வையுங்கள்.

கடைசி நாள் படங்களைக் கழற்றும்போது பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். விற்றது எது, திரும்புவது எது, பணம் வந்தது எது என்று குறித்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆணி எடுத்த ஓட்டைகளில் சுண்ணாம்புப் பூச்சை விரலால் அடைத்து, காய்ந்ததும் தேய்த்துவிட்டு, அடுத்து வருகிறவருக்குச் சாவியைக் கொடுங்கள்.